ராணியின் தோலும் பூட்டாத கதவும்

ஐரோப்பாவில் நடந்த பெரிய சண்டை எதனால் தொடங்கியது என்று எல்லம்மாவைக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவார். எதனால் முடிந்தது என்று கேட்டால் உடனே பதில் வரும்.

"பூட்ஸு பத்தல."

நான் பி.ஏ. பரீட்சையில் இதே சண்டையைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். போர்க்காலத்தில் பண்டங்களின் விலை ஏறும், ஏழை நாடுகளின் கச்சாப் பொருள்கள் போர்முனைக்குப் போகும், உள்ளூர்த் தொழில்கள் நிலைகுலையும் என்றெல்லாம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். எங்கள் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் என்று பாதிரியார் எனக்கு மாலை போட்டார். ஆனால் அந்த மூன்று பக்கத்தில் ஒரு கிணறு இல்லை, ஒரு கிழட்டுப் பசு இல்லை, எல்லம்மா இல்லை. அப்படியானால் நான் எதைப் பற்றித்தான் எழுதினேன் என்ற சந்தேகம் அப்புறம் வந்தது. அந்தச் சந்தேகம் தீருமா என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கணியம்பாடிக்குத் தெற்கே இருக்கிறது. எல்லம்மாவின் வீடு தோல் வேலை செய்யும் எங்கள் தெருவில் கடைசி வீடு. வீட்டுக்குப் பின்னால் தோல் பதனிட இரண்டு தொட்டிகள். ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றில் ஆவாரம் பட்டை. எல்லம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. அவர் ஒருவர் காதில் ரகசியம் சொன்னால் பாலாற்றுக்கு அக்கரையில் இருப்பவர் "அப்படியா?" என்று கேட்பார். சிரிக்க வைக்கும் கதை எதையும் முழுதாகச் சொன்னதில்லை. முடிவுக்கு முன்னாலேயே தான் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். இந்தக் கதையைக்கூட நான் பல பேரிடம் பாதி பாதியாகக் கேட்டுத்தான் ஒட்ட வைத்தேன். இது நடந்த காலத்தில் நான் ஊரில் இல்லை, வேலூரில் மிஷன் விடுதியில் இருந்தேன்.

ஊருக்கும் எல்லம்மாவின் குடும்பத்துக்கும் நடுவே வழிவழியாக ஒரு வழக்கம் இருந்தது. ஊரில் எந்த மாடு செத்தாலும் அவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். தோல் அவர்களுக்கு. அதற்கு ஈடாக, ஊரில் உள்ள கவலை ஏற்றங்களின் தோல் வேலை முழுக்க அவர்கள் பொறுப்பு. கவலை பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு காளைகள் சரிவில் இறங்கி இழுக்க, கிணற்றிலிருந்து பெரிய இரும்புச் சால் மேலே வரும். அந்தச் சாலின் அடியில் யானையின் துதிக்கை மாதிரி ஒரு நீளமான தோல்குழாய் தொங்கும். தண்ணீர் அதன் வழியாகத்தான் தொட்டியில் கொட்டும். குழாய் கிழிந்தால், மேலே வரும் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போய்விடும். காளைகள் நாள் முழுக்க நடந்தும் பயிர் நனையாது. அதனால் குழாய் கிழியுமுன் புதுத்தோல் தைத்துக் கொடுப்பது எல்லம்மா வீட்டு வேலை. அறுவடையின்போது களத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு தானியம் விழும்.

இது நல்ல வழக்கமா? செத்த மாட்டை இழுத்துப் போகும் கையைத் தொடமாட்டார்கள்; அந்தக் கை தைத்த தோலின் வழியே வந்த தண்ணீரை மட்டும் இனிப்பாக இருக்கிறது என்று குடிப்பார்கள். இப்படி ஓர் உரிமையை இழந்தால் ஒழிந்தது என்று போகவேண்டியதுதானே என்று நான் ஒருமுறை எல்லம்மாவிடமே கேட்டேன். "போலாம்தான். போறதுக்கு முன்னாடி கஞ்சி யாரு ஊத்துவா, நீயா?" என்றார். நான் அப்போது வேலையில்லாத பட்டதாரி.

சண்டை தொடங்கி இரண்டு வருஷம் கழித்து வேலூரில் ஆள் எடுத்தார்கள். கடல் தாண்டி பஸ்ராவில் ராணுவத்துக் கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டுமாம். எல்லம்மாவின் கணவர் சுப்பராயன் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

"கழுதை ஒதைக்கும்யா," என்றார் எல்லம்மா.

"ஏன், இத்தினி வருஷமா ஒத வாங்கிப் பழகலியா?"

தெருவே சிரித்தது. எல்லம்மாவும் சிரித்தார். புறப்படும் நாளன்று மட்டும் சுப்பராயன் சிரிக்கவில்லை. தெருவில் அப்போதே பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சிலர் கோலார் சுரங்கத்துக்கும் சிலர் ஆம்பூர் தோல் கிடங்குகளுக்கும் போய்விட்டார்கள். அந்தப் பூட்டுகளைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்:

"நீ எங்கியும் போய்டாதே எல்லம்மா. நான் வர்றப்போ பூட்டு தொங்கினு இருந்தா, அப்படியே திரும்பி கழுதை கிட்டயே போய்டுவேன். கதவு தொறந்து இருக்கணும்."

"இருக்கும் போ."

இவ்வளவுதான் எல்லம்மாவுக்கு வேண்டியிருந்தது: அந்தக் கதவைப் பூட்டாமல் வைத்திருப்பது. அதற்கு ஊரில் பிழைக்க வழி வேண்டும். சுப்பராயன் அனுப்பும் பணம் சில மாதம் வரும், சில மாதம் கடலிலேயே தங்கிவிடும். எனவே தொட்டி வேலையை எல்லம்மா கையில் எடுத்தார். "பொம்பள தொட்டியில தோல் போடறாளாம்" என்று ஊரில் கேலி செய்தார்கள். "மாடு ஒண்ணும் சொல்லல, உங்களுக்கு இன்னா?" என்று பதில் போனது.

இந்தச் சமயத்தில்தான் மக்பூல் அகமது ஊருக்குள் வந்தார்.

ஆம்பூரில் ஒரு தோல் மண்டிக்காக ஊர் ஊராகப் போய்த் தோல் வாங்குபவர் அவர். ஒற்றை மாட்டு வண்டி, வெள்ளைத் தொப்பி, தேன் ஒழுகும் பேச்சு. சண்டைக்கு முன்பு வருஷத்துக்கு இரண்டு முறை தலையைக் காட்டுவார். இப்போது சிப்பாய்களின் பூட்ஸுக்காகச் சர்க்காரே தோலை அள்ளிக்கொண்டிருந்ததால், வாரம் தவறாமல் வந்தார். வந்தவுடன் மனிதர்களை விட்டுவிட்டு மாடுகளின் சுகத்தைத்தான் விசாரிப்பார்.

"ஜம்புலிங்கம் முதலாளி! ராணிக்கு உடம்பு எப்படி இருக்குது?"

ஜம்புலிங்கம் ஊரில் பெரிய நிலக்காரர். ராணி அவர் வீட்டுப் பசு. விக்டோரியா மகாராணிக்கு ஜூபிலி கொண்டாடிய வருஷத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். மகாராணி போய்ப் பல வருஷம் ஆயிற்று. பசு மட்டும் போகவில்லை. பால் வற்றி, பல் கொட்டி, கொம்பில் ஒன்று தொங்கிப்போய், கொல்லையில் அசை போட்டுக்கொண்டிருந்தது.

"இருக்குது சாயபு. வயசாயிடுச்சு, இன்னா பண்றது," என்றார் ஜம்புலிங்கம், யாரோ தன் வீட்டுப் பசுவைப் பெயர் சொல்லி விசாரித்த சந்தோஷத்தில்.

அடுத்த வாரம்: "ராணி நல்லா மேயுதா?"

அதற்கடுத்த வாரம்: "ராணிக்கு மூச்சு வாங்குதுன்னு கேள்விப்பட்டேன்..."

ஜம்புலிங்கத்தின் மனைவி கமலவேணிக்குத்தான் முதலில் புரிந்தது. "அந்தத் தொப்பிக்காரர் பாசமா பேசறாரேன்னு பாத்தா, நம்ம ராணிய உத்து உத்துப் பாக்கறாரு. நாளைக்கு உங்க உடம்பு எப்படி இருக்குதுன்னு கேட்டாருன்னா, பதில் சொல்லாதீங்க."

அப்புறம் மக்பூல் ஒருநாள் வெளிப்படையாகவே தோலின் விலையைச் சொன்னார். உயிரோடு ராணியைச் சந்தையில் விற்றால் கிடைப்பதைவிட, செத்த ராணியின் தோலுக்கு ஜாஸ்தி. ஜம்புலிங்கம் அன்று இரவு தூங்கவில்லை.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சண்டை அவரையும் விட்டுவைக்கவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, துணி விலை தலைக்கு மேல் போயிற்று, குடியாத்தத்து நெசவுக்காரர்களுக்கு ஜெர்மனிச் சாயம் வராமல் போய், அவர் வழக்கமாகக் கட்டும் சிவப்புக் கரைக் கைலி வெளிறிப்போன ரோஜா நிறத்தில் வந்தது. "எல்லாம் ஏறுது. எறங்கறது என் மானம் மட்டும்தான்," என்று அந்தக் கைலியைக் காட்டிச் சொல்வாராம். தன்னிடம் இருக்கும் ஏதாவது ஒன்றின் விலை ஏறினால் பிடித்துக்கொள்ளத்தானே தோன்றும்? நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். நானும் அதையேதான் செய்திருப்பேன்.

அவர் செய்தது இது. களத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது அறிவித்தார்: "இனிமே என் மாட்டுத் தோலு எனக்கு. உரிச்சிக் குடுக்கறவங்களுக்குக் கூலி உண்டு. அவ்வளவுதான்."

தானியப் பங்குக்காக ஓரமாக நின்றிருந்த எல்லம்மா குரல் கொடுத்தார். "அப்ப கவலைத் தோலு, ஆண்டே?"

"அதுக்கும் கூலி வாங்கிக்க."

"கூலி நீங்க குடுப்பீங்க. தோலு யாரு குடுப்பா?"

"கடையில வாங்கிக்குவேன்."

"கடை எங்க இருக்குது, பஸ்ராவுலயா?"

சிரித்தவர்களைப் பார்த்து ஜம்புலிங்கம் முறைத்தார். ஆனால் சிரித்தவர்களும் அடுத்த நாளே தங்கள் மாட்டுத் தோல் தங்களுக்கே என்று சொல்லிவிட்டார்கள். தோல் இல்லையென்றால் எல்லம்மாவுக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் களத்தில் தானியப் பங்கும் இல்லை. ஒரே பேச்சில் வழிவழியாக வந்த வழக்கம் ஒழிந்தது.

எல்லம்மாவின் பட்டைத் தொட்டியில், பழைய வழக்கப்படி வந்த கடைசித் தோல் ஒன்று மட்டும் ஊறிக்கொண்டிருந்தது. மக்பூல் அதையும் மோப்பம் பிடித்துவிட்டார்.

"எல்லம்மா, அதைக் குடுத்துடு. அரைகுறையா ஊறி இருந்தாலும் பரவாயில்ல. நல்ல விலை தர்றேன். யாரு கண்டா, உன் வீட்டுக்காரன் கால்லயே போய்ச் சேரும்."

"அந்த ஆளு கால்ல பூட்ஸு போட்டா, கழட்டத் தெரியாம தூங்குவாரு சாயபே. இது இருக்கட்டும்."

"எதுக்கு?"

"ஆசையா இருக்குது. தெனமும் கிளறி விட்டுப் பாத்துனு இருப்பேன்."

மக்பூல் தலையில் அடித்துக்கொண்டு போனார். தெருவில் மிச்சமிருந்தவர்களும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அதை விற்றால் சில மாதம் சாப்பிடலாம். இல்லாவிட்டால் கோலாருக்கு வண்டி ஏறலாம், கதவில் ஒரு பூட்டு வாங்கிப் போட்டுவிட்டு. எல்லம்மா இரண்டும் செய்யவில்லை. ஆவாரங்காட்டுக்குப் போய்ப் பட்டை உரித்து மண்டிக்கு விற்று, ஒருவேளைக் கூழோடு ஓட்டினார். பட்டைக்கும் அப்போது கிராக்கி. எங்கள் பக்கத்துக் குன்றுகளில் ஆவாரஞ்செடி எல்லாம் தோல் உரிந்து நின்றதாம். அந்தப் பொங்கலுக்குக் கூரையில் செருக ஒரு கொத்து ஆவாரம்பூ கிடைக்கவில்லை என்று ஊரில் சண்டை.

இதற்கிடையே ராணிக்கு யோகம் அடித்தது. கொல்லையில் விட்டால் எங்காவது போய்ச் செத்து, யாராவது தோலை உரித்துப் போய்விடுவார்களோ என்று ஜம்புலிங்கம் அதை வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் கட்டினார். தோலில் கீறல் விழக்கூடாது என்று கீழே வைக்கோல் பரப்பினார். உண்ணி கடித்தால் ஓட்டை விழும் என்று மக்பூல் சொல்லியிருந்ததால், தினமும் வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். கமலவேணி பாவம் பார்த்துக் கேழ்வரகுக் கூழ் ஊற்றினார். ராணி தேறிவிட்டது. கண்ணில் ஒளி வந்தது. வால் வேகமாக ஆடியது. ஒருநாள் கட்டவிழ்த்துக்கொண்டு மக்பூலின் வண்டி மாட்டை முட்டப் போயிற்று. சண்டையால் உடம்பு தேறிய ஒரே ஜீவன் அதுதான்.

"சாகச் சொல்லித் தீனி போட்ட கதை இங்கதான் பாக்கறேன்," என்பாராம் ஜம்புலிங்கத்தின் கவலை ஓட்டும் ரத்தினசாமி. இவர் வாய்வழியாகத்தான் பெரிய வீட்டுச் சேதிகள் எல்லாம் எங்கள் தெருவுக்கு வந்தன.

மாசியில் ஜம்புலிங்கத்தின் கவலைக் குழாய் கசிய ஆரம்பித்தது. முதலில் ஒரு விரல் அகலம், பிறகு ஒரு கை அகலம். கேழ்வரகு வாடியது. ஜம்புலிங்கம் வேலூருக்குப் போனார், ஆம்பூருக்குப் போனார். பதனிட்ட தோலெல்லாம் சர்க்கார் கணக்கில் போகிறது, ஒரு துண்டு வெளியே கொடுக்க முடியாது என்று கைவிரித்தார்கள். ஒரு கடைக்காரர் மட்டும், "கவலைக்கா? நீங்க பட்டாளத்துல சேருங்க, பூட்ஸு குடுப்பாங்க, அதக் கிழிச்சித் தெச்சிக்கலாம்," என்று யோசனை சொன்னாராம்.

பக்கத்து ஊர்களில் கேட்கலாமென்றால், அங்கேயும் நிலக்காரர்கள் இவரைப் போலவே தோலை விற்றுவிட்டு, இவரைப் போலவே கடை கடையாக அலைந்துகொண்டிருந்தார்கள். எல்லம்மாவின் தொட்டியில் ஒரு தோல் இருப்பது ஜம்புலிங்கத்துக்குத் தெரியும். ஆனால் அங்கே போய்க் கேட்பதைவிடக் கேழ்வரகு காய்வதே மேல் என்று இருந்தார்.

பங்குனி பிறந்ததும் ராணி செத்தது. வயிறு நிறைய, வைக்கோல் மெத்தையில், ராணி போலவே செத்தது. கமலவேணி அழுதார். ஜம்புலிங்கமும் அழுதார், ஆனால் அழுதுகொண்டே உரிக்க ஆள் தேடினார். கூலிக்கு வருகிறாயா என்று எல்லம்மாவைக் கேட்டபோது, "ராணிய உரிக்கிற அளவுக்கு எனக்கு அந்தஸ்து இல்ல ஆண்டே," என்று பதில் வந்தது. கடைசியில் எங்கிருந்தோ இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் தோல் உரிப்பவர்கள் இல்லை. உரிப்போம் என்று சொன்னவர்கள். வேலை முடிந்தபோது தோலில் மேலிருந்து கீழ்வரை கத்தி போன இடமெல்லாம் ஓட்டை.

மக்பூல் அதை விரித்துப் பிடித்தார். ஓர் ஓட்டை வழியாக ஜம்புலிங்கத்தைப் பார்த்தார்.

"முதலாளி, இது வேணாம்."

"ஏன் சாயபு, வெலையக் கம்மி பண்ணிக்கலாம்..."

"இதுல பூட்ஸு தெச்சா, சிப்பாயோட கட்டவிரலு வெளிய வந்து ஜெர்மன்காரனுக்கு சலாம் வெக்கும்."

அவர் போய்விட்டார். ஜம்புலிங்கத்திடம் இப்போது ஒரு பச்சைத் தோல் இருந்தது. கிணற்றில் ஒரு கிழிந்த குழாய் இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் ஊர் இன்றுவரை சொல்லிச் சிரிக்கும் யோசனை அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

"ரத்தினசாமி, இதுலயே ஓட்டை இல்லாத எடமாப் பாத்து வெட்டித் தெச்சுடு."

"ஊற வெக்காத தோலுங்க இது. சுண்ணாம்பு பாக்கல, பட்டை பாக்கல..."

"கெணத்துலதான் ஊறப் போகுதே! தோலு தோலுதானடா."

ரத்தினசாமி மூச்சை அடக்கிக்கொண்டு தைத்தார். முதல் நாள் தண்ணீர் நன்றாகவே வந்தது. ஜம்புலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு வரப்பில் நடந்தார். அடுத்த நாள் குழாய் ஊதிப் பருத்தது. முடி உதிர்ந்து வாய்க்காலில் மிதந்தது. அதற்கு அடுத்த நாள் நாற்றம் கிளம்பியது.

நாய்கள்தான் முதலில் கண்டுபிடித்தன. சால் மேலே வரும்போதெல்லாம் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. பிறகு காக்கைகள். பிறகு காளைகள். கவலை இழுத்த ஜோடியில் ஒன்று ராணியின் கன்று. அது சரிவில் இறங்கும், ஆனால் திரும்பக் கிணற்றுப் பக்கம் வராது. மூக்கை உயர்த்தி, கண்ணை உருட்டி, ஊரே கேட்கும்படி கத்தியது. மற்றதும் சேர்ந்து கத்தியது. ரத்தினசாமி தட்டினார், கெஞ்சினார், பாட்டுப் பாடினார். காளைகள் அசையவில்லை.

"பெத்த தாயோட தோலுங்க. நம்மளா இருந்தா மட்டும் இழுப்பமா?" என்று அவர் சாட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

ஊர்ப் பெண்கள் குடிதண்ணீர் எடுப்பதும் அந்தக் கவலைத் தொட்டியில்தான். குடங்கள் காலியாகத் திரும்பின. காற்று கிழக்கே அடித்தால் பெரிய வீடு, மேற்கே அடித்தால் கோயில். பூசாரி கற்பூரத்தை இரண்டு மடங்காக ஏற்றியும் பலனில்லை.

கமலவேணி இரண்டு நாள் பொறுத்தார். பிறகு, தன் வாழ்நாளில் முதன்முறையாக, எங்கள் தெருவின் முனை வரைக்கும் நடந்து வந்து நின்றார்.

"ஏ எல்லம்மா! எல்லம்மா!"

"இன்னாம்மா, இவ்ளோ தூரம்?"

"இருக்க முடியலடி. சோத்துல அந்த நாத்தம், கொழம்புல அந்த நாத்தம். தலவாணியில கூட நாத்தம் வருது."

எல்லம்மா தெருமுனைக்கு வந்து, மூக்கை உயர்த்தி ஒருமுறை மோந்து பார்த்தார்.

"இது எங்க வீட்டு நாத்தமாச்சே. உங்க வீட்டுக்கு எப்படிம்மா வந்துச்சு? நாங்க யாரும் அந்தப் பக்கமே வரலியே."

கமலவேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டார் என்று எல்லம்மா சொல்கிறார். அழுகை வந்தது என்று ரத்தினசாமி சொல்கிறார். நாற்றத்துக்காகத்தான் பொத்திக்கொண்டார் என்பது என் அப்பா தானியேலின் கருத்து.

அன்று மத்தியானமே எல்லம்மா கிணற்றடிக்குப் போனார். ஜம்புலிங்கம் அங்கவஸ்திரத்தால் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார். ஊர் முழுக்கக் காற்றடிக்காத பக்கமாகப் பார்த்து ஒதுங்கி நின்றது.

"தோல எடுத்துனு வர்றேன் ஆண்டே. நல்லா ஊறி இருக்குது. எண்ண ஊட்டித் தெச்சுட்டா ரெண்டு வருசத்துக்குக் கவலையில்ல."

"எவ்ளோ வேணும்?"

"காசு வேணாம். பழையபடி ஊர் மாட்டுத் தோலு எங்களுக்கு. களத்துல பங்கு எங்களுக்கு. அத ஊர் கேக்கச் சொல்லிடுங்க."

ஜம்புலிங்கம் துணிக்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கலீங்க. மூக்கு மேல இருக்கிற துணிய எடுத்துட்டுச் சொல்லுங்க."

அந்தக் காலத்தில், எங்கள் தெருப் பெண் ஒருத்தி பெரிய வீட்டுக்காரரைப் பார்த்து இப்படிச் சொல்லியிருக்க முடியுமா? எனக்கு நம்ப முடியவில்லை; அப்பாவிடம் கேட்டேன். எல்லம்மா சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர். எல்லம்மா கைகட்டித் தலை குனிந்து, "கேக்கலீங்க" என்று மட்டும்தான் சொன்னாராம். துணியை ஜம்புலிங்கமே எடுத்தாராம். இரண்டில் எது உண்மை என்று கண்டுபிடிக்க நான் பல நாள் அலைந்தேன். எல்லம்மா சொல்வது உண்மையாக இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்படுவதும், அதனாலேயே அதை நம்பப் பயப்படுவதும் எனக்கே தெரிகிறது. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்: துணி மூக்கை விட்டு இறங்கியது.

ஜம்புலிங்கம் ஆழமாக மூச்சை இழுத்தார். அது தவறு. கண்ணில் நீர் முட்ட, ஒரே மூச்சில் கத்தினார்: "ஊர் மாட்டுத் தோலு பழையபடி எல்லம்மா வீட்டுக்கு! பங்கும் பழையபடி! போதுமா? எடுங்கடா அந்தச் சனியன!"

ராணியின் தோலை அவிழ்த்துப் புதைத்தார்கள். கமலவேணி அதன்மேல் கொஞ்சம் பூப் போட்டார். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். எல்லம்மா தன் தோலைக் கொண்டுவந்து, எண்ணெய் ஊட்டி, சாலின் வாயோடு சேர்த்துத் தைத்தார். காளைகள் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு நடந்தன. கேழ்வரகில் பாதி பிழைத்தது.

அடுத்த வாரம் வந்த மக்பூல், தான் கேட்டுக் கிடைக்காத தோல் கிணற்றில் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ரெண்டு சிப்பாய்ங்க கால்ல போட வேண்டிய தோலு, எல்லம்மா."

"சிப்பாய்க்கு பூட்ஸு இல்லாட்டி இன்னா ஆவும்?"

"சண்டை போட முடியாது."

"அப்ப வூட்டுக்கு வந்துடுவாங்கல்ல?"

சண்டை முடிந்ததற்கான காரணத்தை எல்லம்மா கண்டுபிடித்தது அந்த நிமிஷத்தில்தான். அதன்பின் ஊரில் ஒவ்வொரு மாடு செத்தபோதும், கவலைக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் மக்பூலுக்கு விற்றார். ஆக, சண்டையைக் கொஞ்சம் சீக்கிரம் முடித்து வைத்ததில் தனக்கும் பங்கு உண்டு என்பது அவர் நம்பிக்கை. என் பேராசிரியர் இதை ஏற்கமாட்டார். நான் அவரிடம் சொல்லவும் இல்லை.

சண்டை முடிந்த வருஷம் விஷக்காய்ச்சல் வந்து எங்கள் தெருவில் பூட்டாத வீடுகளையும் காலி செய்தது. அதைப் பற்றி எல்லம்மா பேசமாட்டார், நானும் கேட்கவில்லை. பிறகு சர்க்கார் பூட்ஸு வாங்குவதை நிறுத்தியது. கொஞ்ச காலத்தில் தோல் விலை சரிந்தது. மக்பூல் மறுபடி வருஷத்துக்கு இரண்டு முறை வந்து, மனிதர்களின் சுகத்தை விசாரிக்க ஆரம்பித்தார். ஜம்புலிங்கம் பெருந்தன்மையாக, "தோலு உங்க உரிமைதானே, நான் எப்பவாவது இல்லேன்னு சொன்னனா?" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு நாள் சுப்பராயன் வந்தார்.

வேலூரிலிருந்து நடந்தே வந்தார், ராணுவ பூட்ஸைக் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு. கடித்ததாம். தெருவுக்குள் நுழைந்தபோது உச்சி வெயில். பூட்டு, பூட்டு, பூட்டு. கடைசி வீட்டில் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. எல்லம்மா கிணற்றடியில் புதுக் குழாய் தைத்துக்கொண்டிருந்தார். தெருவில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு பேரில் யாராவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆளை அடையாளம் தெரியாமல், பட்டாளத்துக்காரரைப் பார்த்த பயத்தில் ஒருவரும் நகரவில்லை. சுப்பராயன் பானையில் இருந்த கூழைக் குடித்துவிட்டு, வாசல்படியில் தோளில் பூட்ஸோடு உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

பொழுது சாயும் நேரத்தில் எல்லம்மா கையெல்லாம் எண்ணெயோடு வந்து எதிரே நின்றார். சுப்பராயன் விழித்துக்கொண்டார். மூன்று வருஷமாகக் கடலுக்கு அந்தப் பக்கம் அவர் என்னென்னவோ யோசித்து வைத்திருந்திருப்பார். வாயில் வந்தது இதுதான்:

"இன்னாடி இது, வூட்ட இப்படித் தொறந்து போட்டுட்டுப் போயிருக்கிறே? எவனாவது உள்ள பூந்துட்டா இன்னா பண்ணுவே?"

"பூந்துட்டானே," என்றார் எல்லம்மா. "கூழையும் குடிச்சிட்டு இதோ உக்காந்துனு இருக்கான்."